கேசட்டில் இருக்கும் குரலைக் கணினியில் ஏற்ற எந்த ஜாக்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பா 1980களின் கடைசியில் துபாயில் வேலை பார்த்தார். அங்கிருந்து ஊருக்குப் போன் பேசுவது அப்போது பெரிய செலவு. அதனால் ஒரு கேசட்டில் பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புவார். அப்பத்தா அதைக் கேட்டு அழுதுவிட்டு, மறுபக்கத்தில் தன் பதிலைப் பேசி அனுப்புவார். வளைகுடாவில் ஆள் இருந்த வீடுகளில் இது சாதாரணமாக நடந்ததுதான்.

அந்தக் கேசட்டுகளைக் கணினியில் ஏற்ற உட்கார்ந்த முதல் நாளே தவறான ஜாக்கில் ஒயரைச் செருகி, 40 நிமிடப் பேச்சைக் கரகரவென்று பதிந்துவிட்டேன். மறுநாள் சரியாகப் பதியலாம் என்று மறுபடி ஓட்டினால், நாடா உருளையில் சிக்கி ஓரிடத்தில் கசங்கிப் போனது. அந்த இடத்தில் அப்பத்தா என்ன சொன்னார் என்பது இனி அந்தக் கரகரப்புக்குள் மட்டும்தான் இருக்கிறது. பழைய நாடா இன்னும் எத்தனை முறை ஒழுங்காக ஓடும் என்று சொல்ல முடியாது. ஓடுகிற அந்த ஒரு முறை, ஒலி சரியான வழியில் உள்ளே போய்விட வேண்டும். அதற்குப் பிறகு சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்டவற்றைத்தான் கீழே தொகுத்திருக்கிறேன்.

மேசைக் கணினியின் பின்னால் மூன்று வண்ணத்தில் ஜாக் இருக்கிறது. கேசட் பிளேயரை எதில் செருகுவது?

நீலத்தில். வெளிர்நீலம் லைன் இன் (பிளேயர் போன்ற கருவியின் ஒலி உள்ளே போகும் வழி), இளஞ்சிவப்பு மைக், வெளிர்பச்சை ஸ்பீக்கருக்கும் ஹெட்போனுக்கும். மைக்ரோசாஃப்டும் இன்டெலும் சேர்ந்து வெளியிட்ட பிசி 99 என்ற கணினி வடிவமைப்பு வழிகாட்டியில் வந்த வண்ணங்கள் இவை. இன்றும் பல மதர்போர்டுகள் இப்படித்தான் வருகின்றன. கேபினெட்டின் முன்பக்கம் இருப்பவை பெரும்பாலும் மைக்கும் ஹெட்போனும் மட்டுமே. அதனால் சோம்பல் படாமல் பின்பக்கம் கையை விடுங்கள்.

ரியல்டெக் நிறுவனத்தின் சவுண்ட் சிப் உள்ள பல கணினிகளில், பின்னைச் செருகியதும் எந்தக் கருவியைச் செருகினீர்கள் என்று ஒரு சின்னப் பெட்டி கேட்கும். அவசரத்தில் அதை மூடிவிடாதீர்கள், லைன் இன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீல ஜாக்கில் செருகிவிட்டு இங்கே மைக் என்று சொன்னால், கணினி அதை மைக்காகவே நடத்தக்கூடும்.

மைக் ஜாக்கில் செருகினாலும் சத்தம் வருகிறதே, என்ன கெட்டுப்போகிறது?

நான் செய்த தவறு இதுதான். ஒயரின் பின் இரண்டு ஜாக்கிலும் ஒரே மாதிரி கச்சிதமாக உட்காரும். சத்தமும் வரும். அதனால்தான் ஏமாந்து போகிறோம்.

மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட்தான். அவ்வளவு மெலிதான சிக்னலைத் தூக்கிவிட மைக் ஜாக்கின் பின்னால் ஒரு பெருக்கி உட்கார்ந்திருக்கிறது. டேப் டெக்கின் (வீட்டில் வைக்கும் பெரிய கேசட் பிளேயரின்) லைன் அவுட்டிலிருந்து, அதாவது ஒலி வெளியே வரும் துளையிலிருந்து, வருவதோ ஏறக்குறைய 0.3 வோல்ட், அதாவது கிட்டத்தட்ட நூறு மடங்கு. ஏற்கெனவே கத்துகிறவர் வாயில் ஒலிபெருக்கியைக் கொடுத்தது போல ஆகிவிடும். அலையின் உச்சிகள் மேலே இடித்துத் தட்டையாகிவிடும். குரல் உயர்கிற இடமெல்லாம் கிழிசலாகக் கேட்கும். பேசுகிறவர் உணர்ச்சிவசப்படுகிற இடத்தில்தான் குரல் உயரும், ஆக நமக்கு எது மிகவும் வேண்டுமோ அதுதான் முதலில் கெடும்.

பதிந்த பிறகு வால்யூமைக் குறைத்தால் சத்தம்தான் குறையும், வெட்டுப்பட்ட உச்சி திரும்பி வராது. அதைச் சரிசெய்யும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் அவை அங்கே என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து நிரப்புகின்றன, அவ்வளவுதான்.

இன்னும் இரண்டு கோளாறு. கணினியின் மைக் ஜாக் பெரும்பாலும் மோனோ (ஒரே தடம்), அதனால் ஸ்டீரியோ (இடது, வலது என இரண்டு தடம்) கேசட்டின் ஒரு தடம் காணாமல் போகலாம். அப்புறம், மைக்குக்குக் கொடுப்பதற்காக அந்த ஜாக்கில் சில வோல்ட் மின்சாரம் வெளியே வந்துகொண்டிருக்கும். டெக்குக்கு அது தேவையே இல்லை.

லேப்டாப்பில் ஒரே ஒரு ஜாக்தான் இருக்கிறது. அது லைன் இன்னாக வேலை செய்யுமா?

செய்யாது. அது ஹெட்செட்டுக்கானது. அதற்குப் பொருந்தும் பின்னைப் பாருங்கள், மூன்று கறுப்பு வளையம் போட்டு நான்கு பாகமாகப் பிரிந்திருக்கும். இரண்டு பாகம் இடது, வலது காதுக்கு, ஒன்று பொது, மிச்சம் ஒன்றுதான் மைக். உள்ளே போவதற்கு ஒரே ஒரு மோனோ மைக் வழிதான் இருக்கிறது. கடையில் கிடைக்கும் இரட்டைப் பிரிப்பான் ஒயரை மாட்டினாலும் அந்த மைக் வழிதான் தனியாக வெளியே வரும், லைன் இன்னாக மாறாது.

தனி மைக் ஜாக் வைத்த பழைய லேப்டாப்புகள் சிலவற்றில் அதே ஜாக்கை லைன் இன்னாக மாற்றும் வசதி இருந்தது. பழைய மேக்புக் ப்ரோக்களில் நிஜமான லைன் இன் ஜாக்கே இருந்தது. வீட்டில் பழைய மேசைக் கணினி ஒன்று சும்மா கிடந்தால் இந்த வேலைக்கு அதை எடுப்பதே மேல்.

அப்படியென்றால் லேப்டாப் வைத்திருப்பவர் என்ன வாங்க வேண்டும்?

ஸ்டீரியோ லைன் இன் உள்ள ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது வெளியிலிருந்து வரும் ஒலியைக் கணினிக்குள் கொடுக்கும் பெட்டி. சிவப்பு, வெள்ளை என இரண்டு ஆர்சிஏ துளைகள் இருந்து, அவற்றின் மேல் இன் என்று எழுதியிருக்க வேண்டும். பெஹ்ரிங்கர் யூசிஏ202 இந்த வேலைக்காகவே செய்தது போன்ற சின்னப் பெட்டி. 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வரை பதியும், கேசட்டுக்கு அது தாராளம்.

இதில் ஓர் எச்சரிக்கை. பென் டிரைவ் அளவில், ஒரு பச்சை ஜாக்கும் ஓர் இளஞ்சிவப்பு ஜாக்குமாக மலிவாகக் கிடைக்கும் யூஎஸ்பி சவுண்ட் கார்டை வாங்கிவிடாதீர்கள். அதில் இருப்பதும் மோனோ மைக் ஜாக்தான். லேப்டாப்பில் இருக்கும் அதே குறையைக் காசு கொடுத்து இன்னொரு முறை வாங்கியதாகிவிடும். ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் கேட்கும்போது சவுண்ட் கார்டு என்று மட்டும் சொன்னால் இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். “டேப் டெக்கிலிருந்து உள்ளே பதியணும், ஸ்டீரியோ லைன் இன் வேணும்” என்று முழுதாகச் சொல்லுங்கள்.

பாட்டுப் பதிவுக்காக ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் போன்ற பெரிய இன்டர்ஃபேஸ் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதுவே போதும். ஆனால் ஒரே மாதிரி இரண்டு லைன் உள்ளீடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மைக், ஒன்று லைன் என்று இருக்கும் மாதிரிகளில் ஸ்டீரியோவை ஒழுங்காக எடுக்க முடியாது. கிட்டாருக்கான இன்ஸ்ட் பொத்தானை அணைத்து, கெயினை (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் குமிழை) அடிமட்டத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள்.

யூஎஸ்பி ஒயர் வைத்த கேசட் பிளேயரே கிடைக்கிறதே?

வாக்மேன் அளவில் இருக்கும் அந்த மலிவு பிளேயர்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஜாக் குழப்பம் தீரும் என்பது உண்மைதான். ஆனால் நாடாவை இழுக்கும் மோட்டாரும் அதிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டும் சுமாராக இருந்தால் குரல் அலையடிக்கும். கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் ஓடுகிறது. அந்த மெதுவான ஓட்டத்தில் சிறு தடுமாற்றம்கூடக் காதில் விழுந்துவிடும். பரணில் கிடக்கும் நல்ல டெக்கை பெல்ட் மாற்றி ஓடவைத்து, அதிலிருந்து லைன் இன்னுக்கு எடுப்பது எப்போதும் மேல்.

டெக்கின் பக்கம் எந்தத் துளையிலிருந்து ஒயர் எடுப்பது?

லைன் அவுட் இருந்தால் அதுதான் முதல் தேர்வு. அதன் அளவு பெரும்பாலும் நிலையானது, வால்யூம் குமிழைத் திருப்பினாலும் மாறாது. இரண்டு ஆர்சிஏ பின் ஒரு முனையிலும், 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பின் மறுமுனையிலும் உள்ள ஒயர் போதும்.

டூ இன் ஒன் செட்டிலும் வாக்மேனிலும் பெரும்பாலும் ஹெட்போன் ஜாக் மட்டும்தான் இருக்கும். அதிலிருந்தும் எடுக்கலாம், தவறில்லை. வால்யூமைப் பாதிக்குக் கொஞ்சம் கீழே வைத்து ஆரம்பியுங்கள். பேஸ், ட்ரெபிள் குமிழ்களை நடுவில் வையுங்கள். ஸ்பீக்கர் ஒயர் மாட்டும் கிளிப்பிலிருந்து மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஆம்ப்ளிஃபயரின் முழு பலம் வெளியே வரும் இடம் அது, கணினியின் ஜாக்கே எரிந்துபோகலாம்.

டெக்கில் டால்பி (நாடாவின் உஸ் சத்தத்தைக் குறைக்கும் முறை) பொத்தான் இருந்தால், டால்பியோடு பதிந்த கேசட்டுக்கு மட்டும் அதைப் போடுங்கள். வீட்டில் பேசிப் பதிந்த கேசட்டில் பெரும்பாலும் டால்பி இருக்காது. தேவையில்லாமல் போட்டால் குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல மந்தமாகிவிடும்.

எல்லாம் சரியாகச் செருகினேன். ஆனால் கேசட்டோடு சேர்ந்து மின்விசிறிச் சத்தமும் என் இருமலும் பதிகிறதே?

கணினி இன்னும் லேப்டாப்பின் உள் மைக்கிலிருந்துதான் பதிகிறது. ஸ்பீக்கரில் ஓடும் கேசட்டை அந்த மைக் அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறது. இது மிகவும் சகஜம். ஒயரைச் செருகுவது பாதி வேலை, மென்பொருளில் அதே உள்ளீட்டைக் காட்டிக் கொடுப்பது மீதி.

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய் இன்புட் பகுதியில் லைன் இன்னையோ யூஎஸ்பி கருவியையோ தேர்ந்தெடுங்கள். அங்கே அது தெரியவில்லை என்றால் மோர் சவுண்ட் செட்டிங்ஸைத் திறந்து, ரெக்கார்டிங் பக்கத்தில் வெற்றிடத்தில் வலது கிளிக் செய்து, முடக்கிய கருவிகளையும் காட்டச் சொல்லுங்கள். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், சவுண்ட், இன்புட். லினக்ஸில் பாவுகன்ட்ரோல் என்ற சின்ன நிரல் இந்த வேலையை அழகாகச் செய்யும். அப்புறம் ஆடாசிட்டியிலும் (ஒலி பதியும் இலவச நிரல்) அதே கருவியைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

யூசிஏ202 போன்ற பெட்டிகளில் ஒரு விசித்திரம் உண்டு. விண்டோஸ் அதை மைக்ரோபோன், யூஎஸ்பி ஆடியோ கோடெக் என்ற பெயரில் காட்டும். மைக் என்று இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், அது பெயர்தான். ஆனால் பெயரை நம்பி அதை ஒரு சேனலாக வைத்திருக்கவும் வாய்ப்புண்டு. பிராப்பர்டீஸில் அட்வான்ஸ்டு பக்கத்துக்குப் போய் 2 சேனல் என்று மாற்றுங்கள்.

சரி, தேர்ந்தெடுத்ததுதான் பதிகிறது என்று எப்படி உறுதி செய்வது? கேசட்டை ஓடவிடாமல் ரெக்கார்டை அழுத்திவிட்டு, லேப்டாப்பின் மைக் இருக்கும் இடத்தை விரல் நகத்தால் தட்டுங்கள். திரையில் அலை துள்ளினால் தவறான உள்ளீடு. பிறகு தேவையில்லாத ஒரு சினிமாப் பாட்டுக் கேசட்டைப் போட்டு, ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் பதிந்து பாருங்கள். வீட்டாரின் குரல் உள்ள கேசட்டைச் சோதனைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள்.

ரெக்கார்டை அழுத்தினால் கருவியைத் திறக்க முடியவில்லை என்று வருகிறது. ஏன்?

விண்டோஸில் பிரைவசி பகுதிக்குப் போய் மைக்ரோபோன் அனுமதியைத் திறந்துவிடுங்கள். லைன் இன் என்பது மைக் இல்லையே என்று தோன்றும். ஆனால் உள்ளே வரும் ஒலி எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கதவுதான்.

மைக் பூஸ்ட், என்ஹான்ஸ்மென்ட் எல்லாம் போடலாமா?

வேண்டாம். மைக் பூஸ்ட் 10, 20, 30 டெசிபல் என்று தூக்கும். லைன் சிக்னலுக்கு அது விஷம். இரைச்சல் நீக்கம், எதிரொலி நீக்கம் போன்றவை வீடியோ காலுக்காகச் செய்தவை. நாடாவின் உஸ் சத்தத்தை இரைச்சல் என்று வெட்டும்போது சொற்களின் ஓரத்தையும் சேர்த்து நறுக்கிவிடும். பின்னணியில் கூவும் சேவலையும் தெருவில் போகும் சைக்கிள் மணியையும்கூடத் துடைத்துவிடும். எனக்கு அந்தச் சேவலும் வேண்டும்.

லெவல் எவ்வளவு வைப்பது?

பதியும் நிரலின் அளவுகாட்டியில் உச்சம் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவே நிற்கட்டும். பூஜ்யத்தைத் தொடவே கூடாது. கேசட்டில் சத்தமான ஓரிடத்தை மட்டும் ஓட்டிப் பார்த்து அளவை வைத்துவிட்டு, பிறகு கை வைக்காமல் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே ஓட்டமாகப் பதியுங்கள். யூசிஏ202இல் உள்ளீட்டு அளவை மாற்றக் குமிழ் இல்லை. அதனால் ஹெட்போன் ஜாக்கிலிருந்து எடுப்பவர்கள் செட்டின் வால்யூமால்தான் சரி செய்ய வேண்டும்.

சாம்பிள் ரேட், பிட் என்ன வைப்பது?

44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் போதும். குறுந்தகட்டின் தரம் அது. 16 பிட்டில் மிக மெலிந்த ஒலிக்கும் மிகச் சத்தமான ஒலிக்கும் நடுவே 96 டெசிபல் இடைவெளி கிடைக்கும், சாதாரணக் கேசட்டில் இருப்பது 50, 60 டெசிபல்தான். வன்தட்டில் இடம் இருந்து, கருவியும் ஏற்றுக்கொண்டால் 24 பிட் வையுங்கள், லெவலைக் கொஞ்சம் தாழ்த்தி வைக்கத் தைரியம் வரும். 192 கிலோஹெர்ட்ஸ் என்று போவதில் கேசட்டுக்கு எந்தப் பயனும் இல்லை. சுருக்காத வேவ் கோப்பாக நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி ஆகும். சி60 (60 நிமிட) கேசட் இரண்டு பக்கமும் சேர்ந்து 600 எம்பிக்குச் சற்று மேல். மூலத்தை வேவ் அல்லது தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக்கில் வைத்துக்கொண்டு, வாட்ஸ்அப்பில் அனுப்ப மட்டும் எம்பி3 எடுங்கள்.

பின்னணியில் உர்ர்ர் என்று ஓர் இரைச்சல். ஜாக் தவறா?

பெரும்பாலும் இல்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அது தரை இணைப்பு வழியாகச் சுற்றி வந்து ஒலியில் கலக்கிறது. முதலில் லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பலருக்கு அதிலேயே நின்றுவிடும். இல்லையென்றால் டெக்கையும் கணினியையும் ஒரே பிளக் பலகையில் மாட்டுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் கார் ஸ்டீரியோ கடைகளில் கிடைக்கும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டரை ஒயருக்கு நடுவே போடலாம். பிளக்கின் எர்த் பின்னை உடைத்து எடுக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், ஷாக் அடிக்கும்.

உர்ர் இல்லாமல் கீச்சென்று, மவுஸை நகர்த்தும்போது மாறுகிற சத்தம் வந்தால் அது கணினிக்குள்ளிருந்தே வருவது. வெளியே இருக்கும் யூஎஸ்பி பெட்டிக்கு மாறினால் பெரும்பாலும் போய்விடும்.

ஒரு காதில் மட்டும் கேட்கிறது, என்ன செய்வது?

ஸ்டீரியோ ஒயருக்குப் பதில் மோனோ ஒயர் போட்டிருக்கலாம். பின்னில் இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் ஸ்டீரியோ, ஒன்று இருந்தால் மோனோ. ஒயர் சரியென்றால் டெக்கின் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துப் பாருங்கள்.

மோனோ செட்டில் பதிந்த கேசட்டையும் ஸ்டீரியோவாகவே பதியுங்கள். மோனோ தடம் நாடாவில் இடது, வலது இரண்டு தடங்களின் அகலத்தையும் மூடியிருக்கும். ஒரே குரல் இரண்டு முறை கிடைக்கும். ஓரத்தில் நாடா தேய்ந்திருந்தால் ஒரு பக்கம் தெளிவாக இருக்கும், அதைப் பிறகு நிதானமாக எடுத்துக்கொள்ளலாம்.

இசைத்தட்டையும் இதே லைன் இன்னில் ஏற்றலாமா?

நேராக முடியாது. தட்டின் ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். மைக் அளவுதானே, மைக் ஜாக்கில் கொடுக்கலாமே என்றால் அதுவும் சரிவராது. தட்டில் கீழ்சுருதி ஒலிகளைக் குறைத்தும் மேல்சுருதியைக் கூட்டியும் செதுக்கியிருப்பார்கள். ஃபோனோ ப்ரீஆம்ப்தான் அதைத் திருப்பிச் சமன்செய்யும். பிளேயருக்குள் அது இல்லையென்றால் நடுவில் ஒன்று வைத்து, அங்கிருந்து லைன் இன்னுக்குக் கொடுங்கள்.

கணினியில் ஓடும் ஒலியையே பதிய எந்த ஜாக்?

ஜாக்கே வேண்டாம். பச்சையிலிருந்து நீலத்துக்கு ஒயர் போடும் பழைய வழியும் தேவையில்லை. விண்டோஸில் என்றால் ஆடாசிட்டியில் வாசாபி என்ற ஒலி வழியைத் தேர்ந்தெடுத்து, லூப்பேக் என்று முடியும் கருவியை எடுங்கள். சில கணினிகளில் ஸ்டீரியோ மிக்ஸ் என்றும் இருக்கும். மேக்கில் பிளாக்ஹோல் என்ற இலவச நிரலை நிறுவ வேண்டும்.

கேசட் இல்லை, இப்போது உயிரோடு இருக்கும் தாத்தாவின் பேச்சைப் பதிய வேண்டும். எந்த உள்ளீடு?

இங்கேதான் மைக் வழி சரியான வழி. தனியாக ஒரு யூஎஸ்பி மைக் இருந்தால் ஜாக் கவலையே இல்லை, கணினியின் சவுண்ட் கார்டு இதில் தலையிடாது. வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்று ஓரமாக வையுங்கள். மேடை மைக்கை இளஞ்சிவப்பு ஜாக்கில் மாட்ட ஒயர் கிடைக்கும். ஆனால் அதன் சிக்னல் மெலிவு, கணினியின் பெருக்கி இரைச்சலோடுதான் அதைத் தூக்கும். அந்த வகை மைக்குக்கு எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் ஒயர் மாட்டும்) துளை உள்ள இன்டர்ஃபேஸ் வேண்டும். கண்டென்சர் மைக் (வெளியிலிருந்து மின்சாரம் கேட்கும் வகை) என்றால் அதில் 48 வோல்ட் பொத்தானையும் போட வேண்டும்.

புளூடூத் இயர்போனின் மைக்கில் மட்டும் பதிய வேண்டாம். மைக் திறந்ததும் அது தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும், பெரும்பாலும் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ்தான். நல்ல கருவி கையில் இல்லையென்றால் போனை மேசைமேல் வைத்து அதன் ரெக்கார்டரிலேயே பதிந்துவிடுங்கள். சரியான மைக் வரட்டும் என்று அடுத்த பொங்கலுக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

பதிந்து முடித்த கேசட்டைத் தூக்கிப் போடலாமா?

போடாதீர்கள். அதன் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தகடுகளையும் உடைத்துவிடுங்கள், யாரும் தவறி அதன்மேல் பதிய முடியாது. காந்தமுள்ள ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைக்காமல், ஈரம் படாத அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள். கசங்கிய அந்தக் கேசட்டை நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன், உறையில் அப்பாவின் கையெழுத்தோடு.